பாலாற்று மணலும் பச்சைத் திரையும்

அவன் நட்டான், அந்தக் கை பிடுங்கியது.

நசீர் அகமது திகைத்துப்போய்த் தண்ணீரையே பார்த்தான். முழங்கைக்கு மேலே சட்டையைச் சுருட்டிவிட்டு, தொட்டியின் அடியில் கிடந்த சரளைக் கற்களை விரலால் விலக்கி, அரும்பாடுபட்டு ஊன்றிய நீர்ப்புல் அது. வேலூர்க் கோட்டை அகழியிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. அதைத்தான் தொட்டியின் அந்தப் பக்கத்திலிருந்து இறங்கிய ஒரு கை, கீரை கிள்ளுவதுபோல எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டது. விரல் நுனியில் மருதாணி... மணிக்கட்டில் கறுப்புக் கண்ணாடி வளையல்...

யாரென்று குனிந்தான். தண்ணீருக்கு அப்பால் இரண்டு கண்கள் இருந்தன. மற்றதெல்லாம் முக்காட்டுக்குள். பெரிய கண்கள், அதிலும் அந்தத் தண்ணீர் அவற்றை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டியது. ஒரு கெண்டைக் குஞ்சு குறுக்கே நீந்திப் போனது. அது போய் முடிவதற்குள் கண்கள் தாழ்ந்துவிட்டன.

“அது நிக்காதுங்க” என்றது குரல், தொட்டிக்கு மேலே இருந்த இடைவெளி வழியாக. “மிதந்து வந்து அழுகறதுக்கு முன்னாடி நானே எடுத்துட்டேன்.”

மதராஸில் பி.ஏ. தேறி, ஆம்பூர்ப் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞான வாத்தியாராக வந்து சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவனுக்கு இது சுருக்கென்று தைக்காமல் என்ன செய்யும்? பாடம் நடத்தும் குரலில் பதில் சொன்னான். சரளை போட்டால்தான் மீன் கிளறினாலும் சேறு எழும்பாது, தண்ணீர் பளிங்காக நிற்கும் என்று விளக்கினான். படித்தவர்கள் சொல்வது இது என்றும் சேர்த்துக்கொண்டான்.

“தண்ணி நிக்கும்ங்க... புல்லு நிக்கணுமே?”

அந்தப் பக்கம் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அதோடு அன்றைய விவாதம் முடிந்தது. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நசீருக்குச் சரளையும் நினைவில் இல்லை, புல்லும் நினைவில் இல்லை. கறுப்பு வளையல்தான் இருந்தது.

சொல்லப்போனால் அவர்களைச் சந்திக்க வைத்ததே அந்தத் தொட்டிதான். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த அப்துல் ஹமீத் சாயபு, வியாபாரமாக மதராஸ் போனபோது கடற்கரையில் மீன்களைக் கண்ணாடிக்குள் விட்டு வைத்திருந்ததைப் பார்த்தார். ஊர் திரும்பி மகள் ஜஹீருன்னிசாவிடம் வாய் ஓயாமல் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மீன் தூங்கும்போது கண்ணை மூடிக்கொள்ளுமா, அத்தா?

சாயபுவுக்குத் தெரியவில்லை. மகள் கேட்டதற்குப் பதில் தெரியவில்லையே என்ற ஒரே காரணத்துக்காக அடுத்த முறை மதராஸ் போனபோது இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்த ஒரு பெரிய தொட்டியைச் செய்யச் சொல்லி வாங்கிவிட்டார். இப்படியும் ஒரு தகப்பன். வைக்கோல் சுற்றிய அந்தத் தொட்டி ஏறிய ரயில் பெட்டியில்தான், புது வேலையில் சேர வந்துகொண்டிருந்த நசீரும் உட்கார்ந்திருந்தான். காட்பாடியில் வண்டி குலுங்கி நின்றபோது தொட்டி சரிய, அவன் பாய்ந்து தோள் கொடுத்தான். பாலாறு தாண்டுவதற்குள் அவனும் சாயபுவும் சிநேகமாகிவிட்டார்கள். இதற்கு அடியில் என்ன போடவேண்டும் தம்பி என்று சாயபு கேட்டார். சரளை என்றான் அவன். அந்த ஒரு சொல் அவனை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தியது.

தொட்டியை எங்கே வைப்பது என்பதில் வீட்டில் ஒரு சின்ன யுத்தமே நடந்ததாம். வருகிறவர்கள் பார்க்கும்படி முன்கூடத்தில் வைக்க வேண்டும் என்பது சாயபுவின் ஆசை. உள்கூடத்தில் வைத்தால்தானே நான் பார்க்க முடியும் என்பது மகளின் கேள்வி. மகளிடம் தோற்பதும் சாயபுவுக்குப் பிடிக்கும், தோற்றதாகக் காட்டிக்கொள்வது பிடிக்காது. ஆகவே இரண்டு கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவரை உடைத்து, அந்தத் திறப்பிலேயே தொட்டியைப் பதித்துவிட்டார். முற்றத்து வெளிச்சம் உள்பக்கமிருந்து தண்ணீருக்குள் விழுந்து இந்தப் பக்கம் வழிந்தது. பார்க்க அத்தனை அழகாக இருந்தது.

ஆனால் சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? கோஷா இருக்கிற வீட்டில் ஆண்கள் உட்காரும் கூடத்துக்கும் பெண்கள் இருக்கும் கூடத்துக்கும் நடுவே கண்ணாடியா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். துணி போட்டு மூடினால் வெளிச்சம் போய்ப் புல்லும் மீனும் செத்துவிடும். கடைசியில் சாயபு ஒரு வாக்குக் கொடுத்தார். நீர்ப்புல் அடர்ந்து வளர்ந்து தானே ஒரு திரையாக நிற்கும், வருகிற ரம்ஜான் பெருநாளுக்குள் அப்படி நிற்காவிட்டால் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரை மூடிவிடுகிறேன் என்றார். அதுவரை வெளி ஆட்கள் வந்தால் உள்பக்கம் ஒரு துணி தொங்கும்.

சுவர் அந்தக் காலத்துக் கனத்த சுவர். முன்கூடத்திலிருந்து கை நீட்டினால் தொட்டியின் பாதிவரைதான் எட்டும். அதனால் பின்பாதியை மகள் பார்த்துக்கொள்வாள், அவளுக்கு வாத்தியார் சொல்லித் தரட்டும் என்று சாயபுவே ஏற்பாடு செய்தார். துணைக்கு அவருடைய தங்கை பில்கிஸ் இருந்தார். ஜஹீராவுக்குப் புப்பு. கணவர் போன பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவர். தொட்டிக்குப் பக்கத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பாக்கு வெட்டுவார். சற்று நேரத்தில் பாக்குவெட்டி சத்தம் நின்றுவிடும். மெல்லிய குறட்டை கேட்கும். அன்று தொண்டையைக் கனைத்ததும் அவர்தான்.

நசீர் பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் வந்தான். தொட்டிக்காகத்தான் வருகிறோம் என்று முதலில் அவன் உண்மையாகவே நம்பினான். பாவம்.

பேச்சு எப்போதும் மணலில் தொடங்கும். ஆற்றில் இந்தப் புல் எதில் நிற்கிறது, மணலில்தானே என்பாள் அவள். ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, தொட்டியில் ஓடாது, மணல் இறுகி அடியில் கறுத்துப்போகும், வேர் அழுகும் என்பான் இவன். சரளைக்கு நடுவே எவ்வளவு சந்து பாருங்கள், மீன் தின்னாமல் விட்ட பொரியெல்லாம் அதற்குள் போய் ஒளிந்துகொண்டு நாறுமே என்பாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது, இவன் சொன்னதிலும் இருந்தது. ஒப்புக்கொள்ளத்தான் இருவருக்கும் மனசில்லை.

அப்புறம் பேச்சு எங்கெங்கோ போகும். முன்கூடத்தில் சாயபு பத்திரிகையைச் சத்தமாகப் படிப்பதை அவள் சுவருக்கு அப்பாலிருந்து கேட்பாளாம். சுவர் இருந்தவரை பாதிதான் காதில் விழுமாம். தொட்டி வந்த பிறகு முழுசும் கேட்கிறது என்று அவள் சொன்னபோது அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தில் நசீர் கையிலிருந்த புல்லை நட மறந்தான். அவளுக்கு உலகம் அந்தத் திறப்பு வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. பெருநாளுக்குள் புல் அடராவிட்டால் அதுவும் போய்விடும்.

ஒரு நாள் அவள் தன் பழைய கேள்வியைக் கேட்டாள். மீனுக்கு இமையே கிடையாது, அதனால் கண்ணை மூடவே முடியாது என்று நசீர் சொன்னான்.

அந்தப் பக்கம் ஒரு விரல் கண்ணாடியில் மீனைத் தொடர்ந்து போனது.

“அப்போ வெக்கம் வந்தா இன்னா பண்ணும்?”

பாடப் புத்தகம் முழுவதையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தான் நசீர். எதிலும் பதில் இல்லை. அவன் தடுமாறுவதைத் தண்ணீர் வழியாகப் பார்த்து அவள் சிரித்தாள். சிரிப்பு கேட்கவில்லை, கண்கள் சுருங்கியதுதான் தெரிந்தது. என்ன பெண் இவள் என்று நினைத்தான். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. வீட்டிலேயே ஓதி, வீட்டிலேயே எழுதப் படிக்கக் கற்றவள். ஆனால் ஒவ்வொரு கேள்வியும் ஊசி மாதிரி நேராக வந்து இறங்குகிறது. தன் வகுப்பில் நாற்பது பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவனுக்காவது இப்படிக் கேட்கத் தோன்றியதா?

அந்தச் சமயத்தில்தான் புல் மஞ்சளடிக்கத் தொடங்கியது.

முதலில் நுனி. பிறகு தண்டு முழுவதும். கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாக ஏதோ படிந்தது. கெண்டைக் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒரு மாலை அவன் வந்தபோது இரண்டு மீன்கள் மல்லாந்து மிதந்தன. ஜஹீரா அவற்றைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றிருந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

இந்தச் சரளை வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேனே என்றாள். அவள் சொன்ன விதத்தில் குற்றச்சாட்டைவிட அழுகைதான் அதிகம் இருந்தது. ஆனால் நசீரின் காதில் குற்றச்சாட்டு மட்டும்தான் விழுந்தது. படித்த மனிதர்களின் ரோஷம் பொல்லாதது.

“தினமும் ஒருத்தர் புடுங்கிப் புடுங்கிப் பார்த்தா எந்தப் புல்லும்மா வேர் புடிக்கும்?” என்றான்.

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். முதல் நாளைத் தவிர அவள் எதையும் பிடுங்கியதில்லை என்று அவனுக்குத் தெரியும். அந்தக் கண்கள் அவனை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தன. பிறகு உள்பக்கத்துத் துணி மெதுவாக இறங்கியது. அவனுக்காக அந்தத் துணி இறங்கியது அதுதான் முதல் தடவை.

மறுநாளும் துணி தொங்கியது. அதற்கு மறுநாளும். பாக்குவெட்டி சத்தம் மட்டும் கேட்டது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே நசீரின் கை நின்றுபோகும். எத்தனை சின்ன வார்த்தை, எத்தனை பெரிய துணி... என்று அவன் மனசு அடித்துக்கொள்ளும்.

உண்மை ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு, தானாகவே வந்து விழுந்தது. முன்கூடத்தில் சாயபுவோடு உட்கார்ந்திருந்தான் நசீர். தொட்டியைப் பார்த்து சாயபு மிகவும் வருத்தப்பட்டார். என்ன குறை வைத்தேன் என்றே தெரியவில்லை, அந்தச் சரளையைக்கூட நம் ஷாப்பில் என் கண்ணெதிரே சுத்தம் செய்துதான் அனுப்பினேன் என்றார்.

எப்படிச் சுத்தம் செய்தீர்கள் என்று கேட்டான் நசீர்.

“எப்படின்னா? நம்ம ஷாப்புக்குள்ள எது வந்தாலும் முதல்ல சுண்ணாம்புத் தொட்டிதானே தம்பி. ரா முழுக்க ஊறப்போட்டேன். பால் மாதிரி வெளுத்து வந்துச்சு.”

அவருடைய முகத்தில் அத்தனை பெருமை. தோல் எத்தனை அழுக்கோடு வந்தாலும் சுண்ணாம்பில் ஊறினால் மயிரெல்லாம் கழன்று வெளுத்துவிடும். மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்துக்குச் சுத்தம் என்றால் சுண்ணாம்பு. நசீர் எழுந்து போய் ஒரு பிடி சரளையை எடுத்துவந்து தட்டில் வைத்தான். ஒரு எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கி அதன்மேல் பிழிந்தான். கற்கள் மேல் நுரை பொங்கி வந்தது. கழுவினால் போகாத சுண்ணாம்பு ஒவ்வொரு கல்லிலும் ஒட்டிக்கொண்டிருந்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்திருக்கிறது. சரளையும் கொல்லவில்லை, அவளும் கொல்லவில்லை.

சாயபு தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவரே குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நசீருக்குச் சிரிப்பு வரவில்லை. தொட்டிக்கு அருகே போய், துணியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க” என்றான். “தெரியாம பேசிட்டேன். மன்னிச்சிடுங்க.”

பாக்குவெட்டி நின்றது. பிறகு துணி ஒரு ஓரமாக விலகியது.

“நானும் உங்க சரளையைத் திட்டினது தப்புதான்” என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, “எலுமிச்சம்பழம் பிழியணும்னு எப்படித் தோணிச்சு?” என்று கேட்டாள். அவ்வளவுதான், அவனுக்கு உயிர் வந்துவிட்டது.

இப்போது என்ன போடுவது என்ற கேள்வி மறுபடியும் வந்தது. இந்தச் சரளையை எத்தனை கழுவினாலும் நம்ப முடியாது. புதுச் சரளை கொண்டுவந்தால் புல் நிற்கும், ஆனால் மெதுவாகத்தான் பரவும். நோன்பு மாதம் பிறக்கப் போகிறது. அது முடிந்தால் பெருநாள். நசீர் ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு யோசித்தான். மணலென்றால் இந்தப் புல் அடியிலேயே கொடி ஓட்டி, கொடிக்குக் கொடி புதுக் குருத்து விடும். பொடி மணல் இறுகிப்போகும் என்று தான் பயந்ததும் சரிதான். ஆகவே பொடியும் வேண்டாம், சரளையும் வேண்டாம். ஊருக்கு மேலே, தோல் ஷாப்புகளின் தண்ணீர் கலக்காத இடத்தில் பாலாற்று மணலை எடுத்து, மாவுச் சல்லடையில் சலித்துப் பொடியை உதறிவிட்டு, சல்லடையில் தங்கும் பருமணலை மட்டும் போடலாம் என்றான். கலங்கல் போகும்வரை கிணற்றுத் தண்ணீரில் அலச வேண்டும். சுண்ணாம்பு மட்டும் காட்டக் கூடாது.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாக, “மணல் போட்டா நல்லா அடர்த்தியா வரும்... இல்லீங்களா?” என்றாள்.

“வரும்.”

“அப்புறம்?”

அவள் கேட்டது என்னவென்று அவனுக்குப் புரிந்தது. புல் நன்றாக வளர்ந்தால் திறப்பு பிழைக்கும், பத்திரிகை கேட்கும், மீன் இருக்கும். ஆனால் இந்தக் கண்களை இனிப் பார்க்க முடியாது. வளராவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம். அதற்குப் பிறகு கொத்தனார் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போவார்.

“அப்புறம்... இந்தப் பக்கத்திலேர்ந்து ஒண்ணும் தெரியாது” என்றான்.

அயிரை மீன் ஒன்று அடியில் தனியாக நெளிந்துகொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள். நடுவில் மட்டும் கொஞ்சம் நெருக்கம் குறைவாக நட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று அவன் மனசின் ஒரு மூலை சொன்னது. அந்த மூலையை அவன் வெறுத்தான். தன்னை நம்பி உள்ளே விட்ட வீடு இது.

“போடுங்க” என்றாள் ஜஹீரா.

போட்டார்கள். சல்லடையில் சலித்த மணல், பழுப்பும் வெள்ளையுமாக, ஈரத்தில் மினுமினுத்தது. பின்பக்கம் மேடாகவும் முன்பக்கம் தாழ்வாகவும் சரித்துவிட்டான் நசீர். அகழியிலிருந்து புதுப் புல் வந்தது. இந்தப் பக்கம் அவன் ஒவ்வொன்றாக ஊன்ற, அந்தப் பக்கம் அவள் ஊன்றினாள். மணல் வேரைப் பிடித்துக்கொண்டது. ஒன்றுகூட மிதக்கவில்லை. நடுவில் ஓர் இடத்தில் இருவர் விரல்களுக்கும் இடையே ஒரே ஒரு புல்லின் இடம்தான் பாக்கி இருந்தது. அவன் கையை எடுத்துக்கொண்டான். அவள் அதை நட்டாள்.

நோன்பு பிறந்தது. மாலையில் அவன் வந்தால் சாயபு விடமாட்டார், நோன்பு திறந்துவிட்டுத்தான் போகவேண்டும். உள்ளிருந்து கஞ்சி வரும். அதில் மிதக்கும் புதினாவைப் பார்த்தால்கூட நசீருக்கு நீர்ப்புல் நினைவு வந்தது. புல் வளர்ந்தது... இத்தனை வேகமாக வளரவேண்டாமே என்று ஏங்கும்படி வளர்ந்தது. பச்சை நாடாக்கள் மேலே எட்டி, தண்ணீர் மட்டத்தில் வளைந்து படுத்துக்கொண்டன. தினமும் புதுக் குருத்து. முதலில் அவள் நெற்றி மறைந்தது. பிறகு ஒரு கண். பிறகு மற்றொரு கண்ணின் ஓரம் மட்டும், அதுவும் மீன் இலையை விலக்கிக்கொண்டு போகும் ஒரு கணத்துக்கு. பிறகு அதுவும் இல்லை.

குரல் கேட்டது. ஆனால் அவன் குரலுக்காக வருவதையும் குறைத்துக்கொண்டான். தொட்டிக்கு இனி வாத்தியார் தேவையில்லை. தொட்டியைக் காரணம் காட்டி வருவது திருட்டுத்தனம் என்று அவனுக்குப் பட்டது. பெண் கேட்கலாமே என்கிறீர்களா? வாடகை அறையில் தங்கியிருக்கும் வாத்தியார் ஷாப்பு வைத்திருப்பவர் வீட்டில் எப்படிக் கேட்பது? கேட்டால், இதற்காகத்தான் வந்தாயா என்று அவர் நினைக்கமாட்டாரா? இந்த எண்ணம்தான் அவன் வாயைக் கட்டிப் போட்டது. கடைசிப் பத்து நோன்பில் அவன் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

பெருநாள் அன்று சாயபுவே ஆள் அனுப்பிவிட்டார். போகாமல் இருக்க முடியவில்லை. முன்கூடம் நிறைய அத்தர் மணம். தோல் வியாபாரிகளும் சொந்தக்காரர்களும் கட்டிப்பிடித்து முபாரக் சொல்லிக்கொண்டார்கள். பாலும் சேமியாவும் கலந்த ஷீர் குருமா கிண்ணங்கள் வந்தன. எல்லாருடைய கண்ணும் சுவரில்தான் இருந்தது. முற்றத்து வெயில் அந்தப் பச்சைக்குள் நுழைந்து, கூடம் முழுவதும் இளம்பச்சையாக இருந்தது. மீன்கள் இலைகளுக்கு இடையே மின்னி மறைந்தன. அப்பால் என்ன இருக்கிறது என்று கிட்டே போய் உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை. கேள்வி கேட்ட சொந்தக்காரர்களே இப்படி ஒரு கோஷா எங்கேயும் பார்த்ததில்லை என்று மெச்சினார்கள். கொத்தனாருக்கு வேலை இல்லாமல் போனது.

விருந்தாளிகள் போன பிறகு சாயபு நசீரின் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். என் வாக்கைக் காப்பாற்றிவிட்டாய், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அந்த அன்பைத் தாங்கமுடியாமல் நசீர் எழுந்து நின்றான்.

“சாயபு, ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருந்தா நான் இந்த வீட்டுக் கஞ்சியைக் குடிச்சது ஹராமாயிடும்.” அவன் தொட்டியைக் காட்டினான். “இந்தத் தண்ணி வழியா உங்க மகளைப் பார்த்தேன். முதல் நாள் தெரியாம பார்த்தது. அப்புறம் பார்த்ததெல்லாம் தெரியாம இல்லை. மனசு போயிடுச்சு. அதனாலதான் புல்லை இவ்ளோ நெருக்கமா நட்டேன். இனிமே வரமாட்டேன். மன்னிச்சிடுங்க.”

சாயபுவின் கை அவன் தோளிலிருந்து இறங்கியது. முகத்தில் இருந்த பெருநாள் களை போய்விட்டது. உன்னை வீட்டுப் பிள்ளையாகத்தானே நினைத்தேன் என்று மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார். நசீர் தலை குனிந்தான். வாசல் பக்கம் திரும்பினான்.

“அண்ணே” என்று சுவருக்கு அப்பாலிருந்து பில்கிஸ் புப்புவின் குரல் வந்தது. “நான் ஒரு நாளும் தூங்கலே. மரியாதை இல்லாத ஒரு பேச்சு இந்தத் தண்ணியைத் தாண்டி வரலே. அவர் சொல்லாம போயிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா? அதை யோசிச்சுப் பாருங்க.”

சாயபு தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்போதுதான் தண்ணீர் அசைந்தது.

பெருநாளுக்குப் புதிதாக இட்ட மருதாணியோடு ஒரு கை தண்ணீருக்குள் இறங்கியது. நடுவில் இருந்த ஒரு புல்லைப் பிடித்தது. அன்று இருவருக்கும் நடுவே கடைசியாக நட்ட அதே புல். இழுத்தது. வரவில்லை. இரண்டாவது கையும் இறங்கியது. இரண்டு கைகளும் சேர்ந்து இழுக்க, மணல் புகையாகக் கிளம்ப, வேரும் கொடியும் அதில் தொங்கிய குருத்துகளுமாகப் புல் மேலே போனது.

மகள் இதுவரை சாயபுவிடம் கேட்டதெல்லாம் மீன் கண்ணை மூடுமா என்பது போன்ற கேள்விகள்தான். இன்றைக்கு அவள் கேட்கவில்லை, சொல்லிவிட்டாள்.

“நிக்காஹ்ல பொண்ணு சம்மதத்தைக் கேக்கத்தான் அவ சார்புல நிக்கிற வக்கீலும் சாட்சியும் உள்ளே போவாங்க” என்றார் கடைசியில். “இங்கே கேக்கறதுக்கு முன்னாடியே பதில் வந்துடுச்சு... உக்காரு தம்பி. உங்க வீட்டுப் பெரியவங்களை வரச் சொல்லு.” இதைச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொள்வதற்காக வாசல் பக்கம் போய் நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் தெருவைப் பார்த்தார்.

மணல் மெல்ல அடங்கியது. பச்சைத் திரையில் ஒரு கை அகலத்துக்குச் சந்து. அதில் அந்த இரண்டு கண்கள்...

“இந்த வாட்டி லேசுல வரலீங்க” என்றாள் ஜஹீரா. “ரெண்டு கையும் வேண்டியிருந்துச்சு.”

“கஷ்டப்பட்டு வளர்த்ததாச்சே... எதுக்குப் புடுங்குனீங்க?”

ஒரு கெண்டைக் குஞ்சு குறுக்கே போனது. அது போய் முடிந்த பிறகும் கண்கள் தாழவில்லை.

“உங்களைப் பாக்கத்தான்” என்றாள்.